புது .22 ரைஃபிளில் தோட்டா சிக்குகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். டெக்சாஸில் இருக்கிறேன். காகித இலக்கில் சுட்டுப் பழகுவதற்காகப் போன மாதம் .22 எல்ஆர் என்ற சின்னத் தோட்டாவைச் சுடும் செமி ஆட்டோமேட்டிக் (சுட்டதும் அடுத்த தோட்டா தானே ஏறும்) ரைஃபிள் ஒன்று வாங்கினேன். மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டி) 10 தோட்டா பிடிக்கும். முதல் மூன்று ஒழுங்காக ஏறுகின்றன. நான்காவதோ ஐந்தாவதோ மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு சேம்பர் (தோட்டா போய் உட்காரும் அறை) வாசலின் கீழ்விளிம்பில் முட்டி நிற்கிறது. வெளியே எடுத்துப் பார்த்தால் ஈய முனையில் நகத்தால் அழுத்தியதுபோல ஒரு பள்ளம்.

சுடுவது 40 கிரெயின் (ஈய முனையின் எடை), ஸ்டாண்டர்டு வெலாசிட்டி, அதாவது சாதாரண வேகத் தோட்டா. இந்த மாதிரி புளோபேக் துப்பாக்கியில் போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் உலோகத் துண்டு) பின்னுக்குத் தள்ளுவதே தோட்டாவின் விசைதானே. புது ஸ்பிரிங்குக்கு அது போதவில்லையோ? ஆனால் சுட்ட கூடு ஒருமுறைகூடச் சிக்காமல் தெறித்து விழுகிறது. அதனால் மேகசினின் உதடுகள் (தோட்டாவைப் பிடித்துவைக்கும் மேல் ஓரங்கள்) மேல்தான் எனக்குச் சந்தேகம். தோட்டாக்களின் விளிம்பு ஒன்றன்பின் ஒன்று மாட்டிக்கொள்ளாதபடி பார்த்துத்தான் அடுக்குகிறேன்.

ஆலையில் பூசிய எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டேன். கடைக்காரர், "500 சுட்டால் தானே சரியாகிவிடும்" என்கிறார். அவருக்கென்ன, தோட்டா விற்க வேண்டும்! வேறு மேகசின் வாங்கிப் பார்க்கவா, ஹை வெலாசிட்டிக்கு மாறவா? உதடுகளை இடுக்கியால் வளைக்க மட்டும் சொல்லாதீர்கள். அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை.