ரிசர்வேஷன்னு சொல்றாங்க, உள்ளே போனா வெள்ளைக்காரர் வயல். எப்படி?

அருமனை டீச்சர்:
மகள் அமெரிக்காவில் ஃபார்கோவில் நர்ஸ். பேறுகாலம் பார்க்கப் போய் நாலு மாசம் இருந்துவிட்டு போன வாரம்தான் ஊர் வந்தேன். ஒருநாள் மருமகன் ஐ-29 ரோட்டில் தெற்கே கூட்டிப்போனார். வடக்கு டகோட்டா முடிந்து தெற்கு டகோட்டா தொடங்குகிற இடத்தில் ஒரு பெரிய காசினோ. "இது சிசெட்டன் வாப்பெட்டன் என்கிற பூர்வகுடி ஆட்களுக்கு உள்ளது, இனி அவங்களுக்கென்று ஒதுக்கின நிலம், ரிசர்வேஷன்" என்றார். அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் சோயாவும் மக்காச்சோளமும்தான். தபால்பெட்டிகளில் ஜெர்மன், நார்வே பேர்கள். மேப்பிலோ முக்கோணமாக வேறு நிறம் அடித்திருக்கிறது. அப்போ அது யாருடைய நிலம்?

குளச்சல் கடல்காத்து:
துப்பாக்கியக் காட்டிப் பிடுங்கினான். இதுல என்ன கேள்வி டீச்சர்?

பழைய ஆதாரமெழுத்து:
துப்பாக்கியும் இருந்தது, இல்லேன்னு சொல்லல. ஆனா நிலம் கைமாறினது காகிதத்துல. நான் குழித்துறையில முப்பத்தாறு வருஷம் ஆதாரம் எழுதினவன். (பத்திரத்துக்கு எங்க பக்கம் ஆதாரம்னுதான் சொல்லுவோம், கிழக்கே உள்ளவங்க மன்னிக்கணும்.) மேப்பில நிறத்தப் பாத்து நிலம் யாருக்குன்னு முடிவு கட்டக்கூடாது டீச்சரே, முன்னாதாரம் பாக்கணும்.

இந்த நிலத்துக்கு முன்னாதாரம் 1851. மினசோட்டா ஆத்தங்கரையில டிராவர்ஸ் டி சூ ஒப்பந்தம். அந்த ஆட்கள் அமெரிக்க அரசாங்கத்துக்கு சுமார் 2 கோடி ஏக்கர எழுதிக் கொடுத்தாங்க. அன்னைக்கு நடந்ததக் கேளுங்க. தலைவர்கள் ஒப்பந்தத்துல ரெண்டு பிரதியில கையெழுத்துப் போட்டாச்சு. எழும்பி வந்தா பக்கத்துல ஒரு பீப்பாய், அதுமேல மூணாவதா ஒரு காகிதம். இதுலயும் போடுங்கன்னு கூட்டிப்போய் நிறுத்தினாங்க. வாசிச்சும் காட்டல, விளக்கியும் சொல்லல. அது வியாபாரிகளோட கடன் சீட்டு. நிலத்துக்குக் கிடைக்கவேண்டிய பணத்துல ஒரு பெரும்பங்கு நேரா அவங்களுக்குப் போறமாதிரி எழுதினது. வாசிச்சுக் காட்டாம கைநாட்டு வாங்கப்படாதுன்னு எனக்கு எழுத்துப் படிப்பிச்ச ஆசான் சொன்ன முதல் பாடமே அதுதான்.

1862-ல டகோட்டா பூர்வகுடி ஆட்களுக்கும் வெள்ளைக்காரனுக்கும் சண்டை வந்தது. 1863-ல அமெரிக்க காங்கிரஸ், அதாவது அவங்க பார்லிமெண்ட், அந்த ஒப்பந்தங்கள ஒருதலையா ரத்து செஞ்சது. 1867-ல வேற ஒரு ஒப்பந்தம். நீங்க மேப்பில பாத்த முக்கோணம் அப்போ போட்ட கோடு. 1887-ல சட்டம் வந்தது: பொதுவுல கிடந்த பூமிய ஆளாளுக்குத் துண்டு போடணும், குடும்பத் தலைவனுக்கு 160 ஏக்கர். துண்டு போட்டதுபோக மிச்சம் கிடந்தத ஏக்கருக்கு இரண்டரை டாலருக்கு அரசாங்கத்துக்கே விக்க வச்சாங்க. 1892-ல குடியேற வந்தவங்களுக்குத் திறந்துவிட்டாங்க. உங்க நார்வேக்காரன் பாட்டா அப்போ வந்தவராத்தான் இருக்கும். 1975-ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிட்டு: 1891-ல போட்ட சட்டத்தோட அந்த ரிசர்வேஷன் எல்லை முடிஞ்சுபோச்சு, அரசாங்கம் அவங்க பேருல பொறுப்பா வச்சிருக்கிற துண்டுகள் மட்டுந்தான் அவங்க அதிகாரத்துல.

களியக்காவிளை பைபாஸ்:
நம்ம கதையும் இதுதானே அண்ணாச்சி. 1956-ல நாலு தாலுகாவ இங்க சேத்தான், நெய்யாற்றின்கரைய அங்க கேரளாவுல விட்டான். நெய்யாறு தண்ணிக்கு இன்னும் கெடந்து அடிக்கோம்.

பழைய ஆதாரமெழுத்து:
இல்ல மக்கா, அது வேற. 1956 நவம்பர் 1-ஆம் தேதி காலையில எழும்பினப்போ உங்க பாட்டாவுக்கு மாநிலம் மாறியிருக்கும். தென்னவிளை மாறிச்சா? திருவிதாங்கூர் முத்திரத்தாளுல எழுதின ஆதாரத்த வச்சு நான் எத்தனையோ விலையாதாரம் எழுதியிருக்கேன். அமெரிக்காவுல கோடு போட்டு முடிச்சபிறகுதான் உள்ள இருந்த பூமி போக ஆரம்பிச்சது.

அருமனை டீச்சர்:
கையெழுத்துப் போடமாட்டோம் என்று நின்றிருந்தால்?

பழைய ஆதாரமெழுத்து:
மேற்கே லகோட்டான்னு இன்னொரு பூர்வகுடிக்காரங்க நின்னாங்களே. 1868 ஃபோர்ட் லாரமி ஒப்பந்தத்துல பன்னிரண்டாவது ஷரத்து: பிராயமான ஆம்பிளைகள்ல நாலுல மூணு பேர் கையெழுத்து இல்லாம ஒரு துண்டு நிலமும் எடுக்கக்கூடாது. 1874-ல பிளாக் ஹில்ஸ் மலையில தங்கம் கண்டான். காகிதத்தோட வந்தான். பத்துல ஒரு ஆள்தான் போட்டது. 1877-ல எடுத்துட்டான். 1980-ல சுப்ரீம் கோர்ட்டு அது தப்புன்னு சொல்லி வட்டியோட 10 கோடி டாலருக்கு மேல குடுக்கச் சொன்னது. எங்களுக்கு மலைதான் வேணும்னு இன்னும் வாங்கல. பணம் அரசாங்கத்துல கிடந்து பெருகுது.

உங்க முக்கோணத்துல கையில மிஞ்சின துண்டுகளுக்கு வேற ஒரு சீக்கு. வாரிசு. நான் ஒருக்கா பதினோரு சென்ட் விளைக்கு 23 வாரிசுகளக் கூட்டிவந்து கையெழுத்துப் போட வச்சேன். ஒருத்தன் வளைகுடாவுல, ஒருத்தி மடத்துல, ஒரு பாட்டி கைரேகை தேஞ்சு மை பிடிக்கல. மூணு நாள் ஆச்சு. அதப் பெரிய காரியமா நினைச்சிட்டிருந்தேன். சிசெட்டனுல 1305-ஆம் நம்பர் துண்டு, 40 ஏக்கர், 439 பங்காளிங்க. 1987-ல ஒரு தீர்ப்புல கோர்ட்டே எழுதி வச்சிருக்கு. வருஷக் குத்தகை 1,080 டாலர், அதப் பங்குவச்சு கணக்கு எழுத ஆபீஸ் செலவு 17,560 டாலர். ஆகக் குறைஞ்ச பங்குக்காரனுக்கு 177 வருஷத்துக்கு ஒரு சென்ட் கிடைக்கும்.

குளச்சல் கடல்காத்து:
ஒரு சென்ட் நிலமா அண்ணாச்சி?

பழைய ஆதாரமெழுத்து:
காசுடே.