தம்பிக்கு மகாதமனி வீக்கம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம், மேலூர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 34 வயது, மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறான். மூச்சு வாங்குகிறது என்று எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தால், மூன்று மடல் இருக்க வேண்டிய இதயத்தின் அயோர்டிக் வால்வு பிறவியிலேயே இரண்டு மடலாம். அதற்கு மேலே, இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனி 4.7 செ.மீ. அளவுக்கு வீங்கியிருக்கிறது.

டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். குழாய்ச் சுவரைத் தாங்குவது எலாஸ்டின், கொலாஜன் என்ற புரத இழைகள். எம்எம்பி என்ற நொதிகள் அவற்றை அரிக்கும். டிம்ப் என்ற புரதங்கள் அந்த நொதிகளை அடக்கி வைக்கும். இந்த வால்வு உள்ளவர்கள் பலருக்கு அந்தச் சமநிலை கெட்டுச் சுவர் நைந்துபோகிறதாம். ரத்தம் கோணலாகப் பாய்ந்து ஒரே பக்கம் மோதுவதும் சேர்ந்துகொள்கிறது.

பொதுவாக வீக்கம் 5.5 செ.மீ. அளவை எட்டினால் ஆபரேஷன், குடும்பத்தில் யாருக்காவது குழாய் கிழிந்திருந்தால் 5 செ.மீ.யிலேயே என்றார். எங்கள் அப்பா 48 வயதில் களத்துமேட்டில் நெஞ்சைப் பிடித்தபடி விழுந்தவர். மாரடைப்பு என்றார்கள். அதுவும் இதுதானோ என்று தூக்கமே இல்லை.

இந்த ஆபரேஷன் செய்தவர்கள் உலோக வால்வு வைத்தீர்களா, திசு வால்வா? முதலமைச்சர் காப்பீட்டில் முடிந்ததா? இனி மூட்டை தூக்கக் கூடாதாம். அவனுக்குத் தோதான வேலை இருந்தாலும் சொல்லுங்கள். நானும் அவன் பிள்ளைகளும் வெள்ளிக்கிழமை எக்கோ எடுக்கப் போகிறோம்.