வென்டிலேட்டட் சீட்டுக்காக மேல் வேரியன்ட் எடுப்பது சரியா?

மதுரைவழி:
வணக்கம். வீட்டுக்கு ஒரு கார் எடுக்கப் போகிறோம். மதுரையில் இருந்து அடிக்கடி சென்னை போய்வர வேண்டியிருக்கிறது, கூடவே அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள். மனதில் வைத்திருக்கும் வண்டியில் நடு வேரியன்ட்டிலேயே ஆறு ஏர்பேக்கும் பின்பக்க ஏசி வென்ட்டும் வந்துவிடுகிறது. மேல் வேரியன்ட் போனால் முன் சீட் இரண்டிலும் காற்று வரும், சன்ரூஃப் வரும், திரை பெரிதாகும். வித்தியாசம் ஒன்றரை லட்சத்துக்கு மேல். சன்ரூஃப்பும் பெரிய திரையும் எனக்குத் தேவையே இல்லை. காற்று வரும் சீட் ஒன்றுக்காக அவ்வளவு கொடுக்கலாமா? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

நாலுவழிச்சாலை:
கொடுக்கலாம் என்றுதான் சொல்வேன். அக்னி நட்சத்திர வெயிலில் நடுப்பகலில் பெரம்பலூர், உளுந்தூர்பேட்டை என்று ஓட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு இது புரியும். ஏசி முகத்தைக் குளிர வைக்கும், கையைக் குளிர வைக்கும், முதுகும் தொடையும் மட்டும் சீட்டோடு ஒட்டி ஊறிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் அந்த இடத்துக்குக் காற்று போக வழியே கிடையாது. சீட்டுக்குள் இருக்கும் ஃபோம் சூட்டை வெளியே விடாது. ஏசியை 18-க்கு இறக்கினாலும் மூக்கு அடைத்துக்கொள்ளுமே தவிர முதுகு காயாது.

இந்த சீட்டில் இருப்பது ரொம்ப எளிமையான ஏற்பாடு. உட்காரும் பகுதியிலும் முதுகுப் பகுதியிலும் சின்ன விசிறி, மேலே ஊசித்துளை போட்ட உறை, இடையில் காற்று ஓடுவதற்கு வலை மாதிரி ஓர் அடுக்கு, அவ்வளவுதான். வேலை செய்வது வியர்வைதான். ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பம் வேண்டும், அதை உடம்பில் இருந்துதான் எடுக்கும். மணிக்கு 30 கிராம் ஆவியானால் முதுகில் இருந்து 20 வாட் சூடு கழன்றுகொண்டே இருக்கிறது என்று கணக்கு. அப்புறம் இன்னொரு விஷயம், யாரும் வெளியே பேச மாட்டார்கள்: நாள் முழுக்க ஓட்டுகிறவர்களுக்குத் தொடையிடுக்கில் வேர்க்குருவும் படர்தாமரையும் வருவது அந்த ஈரத்தால்தான். ஈரம் நிற்காமல் இருந்தாலே பாதித் தொல்லை இல்லை.

பழையகியர்:
நாலுவழிச்சாலை சொல்லும் கசகசப்பு உண்மை. ஆனால் அது எங்கிருந்து வந்தது? முன்பெல்லாம் நல்ல துணி சீட் வந்தது. இப்போது மேல் வேரியன்ட் என்றாலே செயற்கைத் தோல், காற்றும் போகாது ஈரமும் இழுக்காது, அதை மாட்டிவிட்டு அது வியர்க்க வைக்கிறது என்று விசிறி வைத்து அதற்கும் காசு வாங்குகிறார்கள். நடு வேரியன்ட்டில் துணி சீட் இருந்தால் உங்கள் பிரச்சினையில் பெரும்பகுதி கடையிலேயே தீர்ந்துவிட்டது. டாக்சி ஓட்டுகிறவர்களும் லாரிக்காரர்களும் எத்தனை வருடமாக மரமணி விரிப்பு போட்டு ஓட்டுகிறார்கள்! முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவே காற்றுக்கு இடம் விட வேண்டும் என்பதுதானே அதிலும் விஷயம்.

அடுத்தது, இதைக் குளிர்ச்சி சீட் என்று ஷோரூமில் சொல்வதை நம்பாதீர்கள். நம் ஊரில் இந்த விலைக்கு வரும் வண்டிகளில் அது வெறும் விசிறி. கேபினில் என்ன காற்று இருக்கிறதோ அதைத்தான் ஓட்டும். வெயிலில் நிறுத்திய வண்டியில் ஏறிப் பொத்தானை அழுத்துங்கள், முதுகில் அனல் அடிக்கும்.

நாலுவழிச்சாலை:
அனல் அடிப்பது காற்றை மேலே ஊதும் வகையில். 1997-இல் சாப் நிறுவனம் 9-5 காரில் கொண்டுவந்தது காற்றை உள்ளே இழுக்கும் வகை, உடம்பை ஒட்டிய ஈரக்காற்றை அது உறிஞ்சிக் கீழே கொண்டுபோகும். நிஜமாகவே குளிர வைப்பதும் இருக்கிறது. 2000 மாடல் லிங்கன் நேவிகேட்டரில் பெல்டியர் தகடு வைத்து வந்தது, மின்சாரம் ஒரு பக்கமாகப் பாய்ந்தால் குளிரும், திருப்பி விட்டால் சுடும். அது நம் விலைக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊதும் வகையாகவே இருந்தாலும் என்ன? கண்ணாடியை இறக்கி இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி உள்ளே இருக்கும் அனலை வெளியேற்றிவிட்டு, ஏசி பிடித்த பிறகு சீட்டைப் போடுங்கள். ஏசி ஓடும் கேபினில் காற்று உலர்ந்துதான் இருக்கும், உலர்ந்த காற்றில் வியர்வை சீக்கிரம் ஆவியாகும். சென்னைப் புழுக்கத்திலும் இது வேலை செய்வதற்கு அதுதான் காரணம்.

செலவும் மிச்சம். அமெரிக்காவின் தேசிய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தில் வியர்க்கும் பொம்மை மனிதனை சீட்டில் உட்கார வைத்தே சோதித்தார்கள். அங்கே எல்லாப் பயணிகள் வண்டிகளிலும் இந்த சீட் இருந்தால் ஏசிக்குச் செலவாகும் எரிபொருள் 7.5 சதவீதம் குறையும் என்று மதிப்பிட்டார்கள்.

பழையகியர்:
அந்த 7.5 சதவீதம் எப்போது கிடைக்கும்? முதுகு காய்ந்துவிட்டது, இனி ஏசி டிகிரியைக் கொஞ்சம் ஏற்றி வைக்கலாம் என்று ஆள் நினைத்தால்தான். நம் ஆட்கள் சீட் விசிறியை மூன்றாம் வேகத்திலும் ஏசியை 18-லும் வைத்து ஓட்டுவார்கள். அப்போது மிச்சம் ஒன்றும் இல்லை, விசிறிக்கான மின்சாரம் கூடுதல் செலவு. அது சின்னச் செலவுதான், ஆனாலும் மிச்சம் என்று சொல்லி விற்காதீர்கள்.

மதுரைவழி, அந்த ஒன்றரை லட்சத்தில் நல்ல டயர் போடலாம், சூட்டைத் தடுக்கும் கண்ணாடி ஃபிலிம் ஒட்டலாம். வெயில் உள்ளே வருவதையே குறைப்பதுதான் முதல் வேலை.

நாலுவழிச்சாலை:
ஃபிலிம் விஷயத்தில் பார்த்துப் போகச் சொல்லுங்கள். 2012-இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. பிறகு விதி மாறியது என்றாலும் முன் பின் கண்ணாடியில் 70 சதவீதம், பக்கக் கண்ணாடியில் 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே வந்தாக வேண்டும். வழியில் நிறுத்திக் கேட்டால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ரோட்டோரம் வாக்குவாதம் செய்ய வேண்டிவரும்.

தையல்கடை:
கோயம்புத்தூரில் சீட் கவர் கடை வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் நல்லாத்தான் பேசுகிறீர்கள், ஆனால் வாங்கிய பிறகு நடப்பதைச் சொல்கிறேன். வென்டிலேட்டட் சீட் உள்ள வண்டியை ஷோரூமில் இருந்து நேராக என் கடைக்குக் கொண்டுவந்து, அழுக்காகக் கூடாது, மேலே தடிப்பாக ஒரு கவர் தையுங்கள் என்று கேட்பவர்கள் நிறையப் பேர். தைத்துவிட்டால் காற்று எங்கே வரும்? நான் மாட்டேன் என்று சொன்னால் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். துளை போட்ட துணியில் தைத்தாலும் இரண்டு துளையும் நேருக்கு நேர் வராது, காற்று பாதிகூட வராது. சீட்டின் பக்கத் தையலில் ஏர்பேக் இருக்கிற வண்டி என்றால் கவர் போடும் முன் பத்து முறை யோசியுங்கள், அந்தத் தையல் பிரிந்துதான் பை வெளியே வர வேண்டும்.

துளைக்குள் பவுடர், தலைக்குப் பூசும் எண்ணெய், பிள்ளைகள் சிந்தும் மிக்சர் எல்லாம் இறங்கும். பாலிஷை நேராக அதன் மேல் அடிக்காதீர்கள், துணியில் தொட்டுத் துடையுங்கள். வேக்குவம் மாதம் ஒரு தடவை.

ஆன்லைனில் விற்கிறார்களே, மேலே விரித்து சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் விசிறி மெத்தை, அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆளை மேலே தூக்கிவிடும், பிரேக் பிடித்தால் வழுக்கும், பெல்ட் இடுப்பில் சரியாக உட்காராது.

ரொறன்ரோ_தம்பி:
நீங்கள் எல்லாரும் குளிர்ச்சி பற்றியே கதைக்கிறீர்கள், நான் சூடு பற்றிச் சொல்கிறேன். இங்கே தை மாதத்தில் வெளியே நிறுத்திய வாகனத்தில் ஏறினால் சீற் பனிக்கட்டி மாதிரி இருக்கும். எஞ்சின் சூடேறி ஹீற்றரில் வெப்பக் காற்று வர நேரம் எடுக்கும், சீற் ஹீற்றர் அதற்கு முதலே முதுகைச் சூடாக்கிவிடும். இப்போது மின்சாரக் கார் வைத்திருக்கிறேன், அதிலே இதன் பெறுமதி இன்னும் கூட. முழுக் கேபினையும் சூடாக்கக் கிலோவாற் கணக்கில் பற்றரியை உறிஞ்சும், ஒரு சீற்றுக்கு 50 முதல் 100 வாற் போதும். தனியே போகும்போது கேபின் ஹீற்றரைக் குறைத்துவிட்டு சீற்றையும் ஸ்டியரிங்கையும் மட்டும் போடுவேன், போகும் தூரம் நல்லாகவே கூடும்.

1966-இலேயே கடிலாக் இதை விருப்பத் தெரிவாக விற்றது, 1971-இல் சாப் சாதாரண வாகனத்துக்கும் கொண்டுவந்தது. குளிர் நாட்டில் இது தேவையான சாமான். ஆனால் ஒரு நிறுவனம் 2022-இல் தென் கொரியாவில் இதற்கு மாதச் சந்தா கேட்டதே, பிஎம்டபிள்யூ, அதை என்னால் ஏற்கவே முடியவில்லை. கம்பி சீற்றுக்குள் ஏற்கெனவே இருக்கிறது, வாகனத்துக்கு முழுக் காசும் கொடுத்தாயிற்று, பிறகு மாதா மாதம் 18 டொலர் எதற்கு? சனம் சத்தம் போட்டபடியால் அடுத்த வருடமே கைவிட்டார்கள்.

பழையகியர்:
தம்பி சொல்வது நியாயம், அங்கே அது தேவை. இங்கே என்ன நடக்கிறது பாருங்கள். நம் இருங்காட்டுக்கோட்டையில் செய்யும் ஹூண்டாய் வெர்னாவில் 2023-இல் இருந்து முன் சீட்டில் சூடும் வருகிறது. தமிழ்நாட்டில் அந்தப் பொத்தானை யார் அழுத்தப் போகிறார்கள்? அதற்கும் சேர்த்துத்தான் விலை.

மலைப்பாதை:
குன்னூரில் இருந்து சொல்கிறேன், மார்கழி விடியற்காலையில் நாங்கள் அழுத்துவோம். ஊட்டியில் புல்லெல்லாம் உறைபனி பிடித்திருக்கும் நாட்களும் உண்டு. எங்களையும் தமிழ்நாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இயன்முறை:
இடுப்பு வலிக்காரர்களுக்குச் சூடான சீட் இதமாக இருக்கும், அதனால் வெயில் ஊரிலும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர்களை சூடு போட்ட சீட்டில் உட்கார வைக்காதீர்கள். சுடுவது அவர்களுக்குத் தெரியாது. அப்படித் தீக்காயம் பட்டவர்கள் இருக்கிறார்கள், 2011-இல் அமெரிக்காவில் இதற்கு வெப்ப வரம்பு வைக்கச் சொல்லி நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் முறையிட்டார்கள். சர்க்கரை நோயால் நரம்பு மரத்தவர்களும் கவனம். உணர்ச்சி சரியாக இருப்பவர்களும் தினமும் மணிக்கணக்கில் அதிக சூட்டில் உட்கார்ந்தால் தோலில் வலை மாதிரி கருஞ்சிவப்பாகப் படரும்.

வெயில்மகள்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே வந்தேன், எல்லோரும் முன் சீட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். மதுரைவழி எழுதியதைத் திரும்பப் பாருங்கள். வண்டியில் ஐந்து பேர். அதில் மூன்று பேர் பின்னால், அம்மாவும் பிள்ளைகளும் என்றே வைத்துக்கொள்வோம், அவர்களுக்கு இந்த ஒன்றரை லட்சத்தில் கிடைப்பது கூரையில் ஒரு கண்ணாடி, அதன் வழியே இன்னும் கொஞ்சம் வெயில். நம் வீடுகளில் பின் சீட் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். வயதானவர்கள், பெண்கள், மடியில் குழந்தையை வைத்துத் தூங்க வைப்பவர்கள், புடவையும் உள்பாவாடையுமாக மூன்று பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து வருபவர்கள், மாதவிடாய் நிற்கும் வயதில் திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்ப்பவர்கள். அதிகமாக வியர்ப்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், காற்று முன்னால் போகிறது.

செய்ய முடியாது என்றும் சொல்ல முடியாது. 2024-இல் வந்த புது ஹூண்டாய் அல்கசாரில் நடு வரிசைக்கும் காற்று வருகிறது, டாடா சஃபாரியிலும் உண்டு. ஆனால் அது தனித்தனி இருக்கை உள்ள ஆறு பேர் வண்டியில். மூன்று பேர் உட்காரும் நீள சீட்டில் கொடுப்பது அபூர்வம். அப்படியென்றால் நடுத்தரக் குடும்பம் வாங்கும் பெரும்பாலான ஐந்து பேர் வண்டிகளில் பின்னால் இருப்பவர்களின் முதுகு கணக்கிலேயே இல்லை.

நாலுவழிச்சாலை:
சகோதரி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் ஓட்டுகிறவர் களைத்துப் போகாமல் இருந்தால் அது பின்னால் இருப்பவர்களுக்கும் பாதுகாப்புத்தானே. எரிச்சலோடு நெளிந்துகொண்டே ஓட்டினால் கவனம் சிதறும். நீள சீட்டை மடக்க வேண்டும், அதற்குள் விசிறி, வயர் எல்லாம் வைத்தால் விலை இன்னும் ஏறும்.

வெயில்மகள்:
ஓட்டுகிறவருக்குக் கொடுப்பதை நான் எதிர்க்கவே இல்லை. முன்னால் இரண்டு சீட்டில் வருகிறதே, இரண்டாவது யாருக்கு? வெயில் நேரத்தில் அதில் அம்மாவை உட்கார வைக்கட்டும், மனைவி பிள்ளைகளோடு பின்னால் வரட்டும், பாதி வழியில் மாறிக்கொள்ளட்டும். அப்படிப் பகிர்ந்துகொள்ளத் தயார் என்றால் மேல் வேரியன்ட் எடுங்கள். இல்லையென்றால் நடு வேரியன்ட், துணி சீட், பின் கதவுக் கண்ணாடிக்கு வலைத்திரை, பின்பக்க வென்ட்டின் காற்று எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்த்து வாங்குவதுதான் ஐந்து பேருக்கும் நல்லது. இந்த இடத்தில் பழையகியர் பக்கம்தான் நான்.

மதுரைவழி:
அம்மாவுக்கு முன் சீட் என்றால் கால் மடக்கி உட்கார முடியாதே என்பார், கேட்டுப் பார்க்கிறேன். நடு வேரியன்ட்டில் துணி சீட்டா என்று ஷோரூமில் கேட்டேன், பாதி துணி பாதி செயற்கைத் தோல் என்கிறார்கள்.

பழையகியர்:
எந்தப் பாதி எங்கே வருகிறது என்று தொட்டுப் பாருங்கள். முதுகும் தொடையும் படும் இடம் துணியாக இருந்தால் போதும், ஓரத்தில் எது இருந்தாலும் பரவாயில்லை. டெஸ்ட் டிரைவைக் காலை ஒன்பது மணிக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், நடுப்பகலில் கேளுங்கள், நிழலில் நிறுத்திய வண்டி வேண்டாம் என்றும் சொல்லுங்கள். இரண்டு வேரியன்ட்டையும் எடுங்கள், அம்மாவையும் கூட்டிப் போங்கள், நீங்களும் கொஞ்ச தூரம் பின் சீட்டில் உட்கார்ந்து வாருங்கள். அதற்குப் பிறகு முன்பணம் கட்டுங்கள்.