இறந்துபோன பாடகரின் பாதிப் பாட்டை முடித்து வெளியிடலாமா?

கேட்டவர்: செல்லூர் ரெக்கார்டிங்

செல்லூரில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பெரும்பாலும் சாமி பாட்டுகள்தான். அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமியப் பாடகர் ஒருவர் சித்திரைத் திருவிழாவுக்காக ஆறு அழகர் பாட்டு பாட வந்தார். ஐந்து முடிந்தது. ஆறாவது பாதியில் நிற்கும்போது மாரடைப்பில் போய்விட்டார்.

அந்த ஆறாவதில் பல்லவியும் முதல் சரணமும் முழுதாக இருக்கின்றன. இரண்டாம் சரணத்துக்கு வரி எழுதி வைத்திருந்தார். மைக் முன்னால் சொல் இல்லாமல் மெட்டு மட்டும், தத்தகாரம்தான் பாடினார். ‘தன்னன்னா’ என்று போய் மூன்றாவது அடியில் நிறுத்தி, “தம்பி, இங்க உறுமி வேணாம். குதிரை ஆத்துல இறங்குற இடம். குரல் மட்டும் நிக்கட்டும்” என்கிறார். அதுவும் பதிவாகியிருக்கிறது. மூன்றாம் சரணத்துக்கு வரியும் கிடையாது, மெட்டும் கிடையாது.

இப்போது மகன் வந்து, “அண்ணே, அப்பா குரலையே சாஃப்ட்வேர்ல போட்டு மிச்சத்தைப் பாட வச்சிருங்க” என்கிறார். வீட்டில் கடன். ஆறு பாட்டும் கைக்கு வந்தால்தான் மீதிப் பணம் என்று பாட்டை வாங்குகிறவர் சொல்லிவிட்டாராம்.

வாத்தியம் சேர்ப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. அவர் இருந்திருந்தாலும் தவிலையும் நாயனத்தையும் அவர் பாடிவிட்டுப் போன பிறகுதான் ஏற்றியிருப்பேன். ஆனால் அவர் பாடாத சொல்லை அவர் தொண்டையில் வரவைக்க மனம் ஒப்பவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பதில்: மேலூர் பாண்டி

தம்பி, குடும்பமே கேட்கிறது, அப்புறம் என்ன தயக்கம்? 2024-இல் ‘லால் சலாம்’ படத்தில் இறந்துபோன பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் ரஹ்மான் இப்படித்தான் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்தார். அதே ஆண்டு யுவன் இறந்துபோன தன் அக்கா பவதாரிணியின் குரலை ‘கோட்’ படப் பாட்டில் வைத்தார். கேட்டு அழாதவர் யார்? கடனில் நிற்கிற வீட்டுக்கு ஒரு பாட்டு சோறு போட்டால் அதில் பாவம் இல்லை.

பதில்: நாயனக்காரர் மகள்

அண்ணே, கடன் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஐரோப்பிய இசையமைப்பாளர் மோசார்ட் 1791-இல் இறந்தபோது, இறந்தவர்களுக்கான பிரார்த்தனை இசையாக அவர் எழுதிவந்த ரெக்வியம் பாதியில் நின்றது. மீதிக் கூலி கைக்கு வர வேண்டுமே என்று மனைவி கான்ஸ்டன்ஸ் வேறு ஆளை வைத்து முடித்தார். கடைசியில் எழுதி முடித்தவர் சூஸ்மயர். எது யார் எழுதியது என்று இன்றைக்கும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். தாளில் எழுதிய இசைக்கே அந்தக் கதி. குரலில் கலந்துவிட்டால் பிரித்துச் சொல்ல யார் இருப்பார்கள்?

பீட்டில்ஸ் இசைக்குழுவின் ‘நவ் அண்ட் தென்’ பாட்டு 2023-இல் வந்ததே, அதையும் இதையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. அந்தக் குழுவில் இருந்து இறந்துபோன ஜான் லெனன் வீட்டில் கேசட்டில் பாடி வைத்ததில் பியானோ குரலை அமுக்கியிருந்தது. கணினி அந்தக் குரலைப் பிரித்தெடுத்துக் கொடுத்தது. இல்லாத குரலை உண்டாக்கவில்லை. ஆனால் அதிலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு: லெனன் பாடியிருந்த ஒரு பகுதியையே வெட்டிவிட்டார்கள். சேர்ப்பதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், வெட்டுவதும் அவர் பாட்டில் கைவைப்பதுதானே?

எங்கள் அப்பாவின் பழைய கேசட் ஒன்றில் ஓர் ஆலாபனை நடுவிலேயே அறுந்து போகும். யாராவது அதை முடித்துத் தருகிறேன் என்று வந்தால் நான் சம்மதிக்க மாட்டேன்.

பதில்: திருமங்கலத்துக்காரன்

சட்டத்தையும் பாருங்கள். பாடுகிறவருக்கு நம் காப்புரிமைச் சட்டத்தில் தனி உரிமை உண்டு, 50 ஆண்டுக்கு. 2012 திருத்தத்துக்குப் பிறகு, தன் பேருக்குக் களங்கம் வரும்படி திரித்தால் ஆட்சேபிக்கவும் வழி இருக்கிறது. எஸ்.பி.பி. குரலைக் கேட்காமல் இப்படிப் பயன்படுத்தினார்கள் என்று மகன் சரண் ஒரு தெலுங்குப் படக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பினார். மகன் இப்போது வாயால் சரி என்றாலும் அம்மா, அக்கா தங்கை எல்லோரிடமும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

செல்லூர் ரெக்கார்டிங்:

பாண்டி அண்ணே, நீங்கள் சொன்னதை இரண்டு நாளாக யோசித்தேன். அந்த வேலையில் முதலில் வேறு ஒருவர் உட்கார்ந்து பாட வேண்டும். அவர் பாட்டின் மேல்தான் இவர் குரலின் சாயலை ஏற்றுவார்கள். எங்கே இழுக்க வேண்டும், எங்கே மூச்செடுக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் அந்த ஆள். ஆற்றில் இறங்கும் இடத்தில் உறுமியை நிறுத்தச் சொன்ன மனிதருக்கு அது துரோகம் என்று படுகிறது.

மகனிடம் பேசிவிட்டேன். பல்லவியும் முதல் சரணமும் அவர் பாடியபடி. இரண்டாம் சரணத்தில் அப்பா எழுதிய வரிகளை, அப்பா தத்தகாரத்தில் போட்ட மெட்டிலேயே, மகன் தன் சொந்தக் குரலில் பாடுவார். மூன்றாவது அடியில் உறுமி கிடையாது. மூன்றாம் சரணம் இல்லாமலே பாட்டு முடியும். யார் எதைப் பாடினார் என்று வீடியோவின் முகப்பிலேயே பெரிய எழுத்தில் போடுவோம். வீட்டில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்க ஸ்டாம்ப் பேப்பரும் வாங்கிவிட்டேன்.

மகனுக்குச் சுருதி அப்பாவைவிட ஒரு கட்டை குறைவு. இரண்டாம் சரணத்துக்கு முன்னால் நாயனத்தை வைத்துச் சுருதியை இறக்கலாமா, இல்லை மொத்தப் பாட்டையும் இறக்குவதா? இறக்கினால் அவர் குரலும் மாறிவிடுமே. நாயனக்காரர் மகளே, இதில் உங்கள் யோசனை வேண்டும்.