இங்கிலாந்து போய் இறங்கியதும் டியூஷன் தேடுபவர்களுக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தகர ஷெட் போட்டு இருபத்தாறு வருடமாகக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். என்னிடம் பாயில் உட்கார்ந்து படித்தவர்களில் சிலர் நர்ஸ் வேலைக்கும் ஐடி வேலைக்கும் இங்கிலாந்து போய்விட்டார்கள், இப்போது அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கு லேப்டாப்பில் பாடம் எடுக்கிறேன். போய் இறங்கி, வீடு பிடித்து, இட்லி அரிசி எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்த மறுவாரமே எல்லோரும் கேட்பது "மிஸ், இங்க பிள்ளைக்கு டியூஷனுக்கு யாரைப் பிடிக்கிறது?" என்றுதான். வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அனுப்பித் தொண்டை போய்விட்டது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். எனக்குத் தெரிந்தது இங்கிலாந்து மட்டும். ஸ்காட்லாந்தில் பாடமும் பரீட்சையும் வேறு, அங்கே போனவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் இரண்டு மாதம் யாரையும் தேடாதீர்கள். நம் ஊரில் ஸ்கூல் சேர்க்கும்போதே டியூஷனும் சேர்த்துவிடுவோம், அந்தப் பழக்கம் அங்கேயும் கூடவே வருகிறது. இங்கே மாதச் சம்பளம், எல்லாப் பாடமும், வாரம் ஆறு நாள், ஒரு பேட்ச்சில் பதினைந்து பிள்ளைகள். அங்கே காசு மணிக்கணக்கில். 30, 40 பவுண்டு என்று சாதாரணமாகக் கேட்கிறார்கள், லண்டனில் இன்னும் கூட. அந்த விலைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து ஹோம்வொர்க் முடிக்கச் சொன்னால் கட்டுப்படியாகுமா? ஹோம்வொர்க்குக்குப் பல ஸ்கூல்களில் பள்ளி விட்டதும் கிளப் நடத்துகிறார்கள், முதலில் அதைக் கேளுங்கள்.

முதலில் கண்டுபிடிக்க வேண்டியது பிள்ளைக்கு எது வரவில்லை என்பதை. இதில்தான் நம் ஆட்கள் தப்புக் கணக்கு போடுகிறார்கள். வியாசர்பாடியிலிருந்து போன ஒரு பையன், வயதில் ஒரு வருடம் தள்ளிப் பள்ளியில் சேர்ந்தவன், இங்கே ஏழாவது முடித்துவிட்டுப் போனான். அங்கே வகுப்பு வயதை வைத்துத்தான், செப்டம்பர் 1 தான் கட். நேராக இயர் 9-இல் உட்காரவைத்துவிட்டார்கள். முதல் டெஸ்டில் பாதி மார்க்கூட வரவில்லை, அவன் அம்மா அழாத குறையாக எனக்கு போன் செய்தாள். விடைத்தாளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். 4.8 × 31.2, இதை எஸ்டிமேட் செய்யச் சொல்லி ஒரு கணக்கு. பையன் 149.76 என்று சுத்தமாகப் பெருக்கி எழுதியிருக்கிறான், மார்க் பூஜ்யம். அங்கே 5 × 30 = 150 என்று தோராயமாக்கி எழுத வேண்டும். என் ஷெட்டில் அந்த 149.76-ஐ அவன் வாயாலேயே சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பேன். கணக்கு அவனுக்கு நன்றாகவே வரும், கேள்வி என்ன கேட்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. இதற்கு இன்னொரு கணக்கு வாத்தியார் எதற்கு? இயர் 6 பிள்ளைகளுக்கு வந்த பழைய கேள்வித்தாள்களை எடுத்துக்கொண்டு, விடை போடாமல் கேள்வியை மட்டும் தமிழில் சொல்லச் சொன்னேன், தினம் அரை மணி நேரம், ஒரு மாதம்.

அதனால் கிளாஸ் டீச்சரிடம் நேரம் கேட்டுப் போய்ப் பாருங்கள். கணக்கில் எந்த செட்டில், அதாவது திறமை பார்த்துப் பிரிக்கும் எந்தப் பிரிவில், போட்டிருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். புதிதாக வந்த பிள்ளையை, ஆங்கிலத்தை வைத்துக் கீழ் செட்டில் போட்டுவிடுவது உண்டு. ஜிசிஎஸ்இ என்பது இயர் 11 முடிவில் எழுதும் பொதுத் தேர்வு. அதில் கணக்குக்கு பவுண்டேஷன், ஹையர் என்று இரண்டு நிலைகள், கீழ் செட்டில் இருந்தால் பெரும்பாலும் பவுண்டேஷன்தான், பவுண்டேஷனில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் கிரேடு 5-க்கு மேல் கிடையாது, மொத்தம் 9 வரை இருக்கிறது. இது தெரியாமல் சென்டம் வாங்கும் பிள்ளை என்று நம்பிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்துக்கு இயர் 11-இல்தான் விஷயம் தெரிந்தது. இயர் 10, 11-இல் போய்ச் சேருகிறவர்கள் மட்டும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டாம், உடனே ஆளைப் பாருங்கள்.

யாரை? ஜிசிஎஸ்இ என்றால் அந்த ஊரில் அந்தப் பாடத்தை எடுத்துப் பழகியவரை. என்னை வேண்டாம், நானே சொல்கிறேன். ஏக்யூஏ, எடெக்செல், ஓசிஆர் என்று போர்டு பல, உங்கள் ஸ்கூல் எது என்று தெரிந்துகொண்டு, அந்த போர்டு எடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். அடித்தளம் ஆட்டம் காணுகிறது, பின்னம் வரவில்லை, வாய்ப்பாடு மறந்துவிட்டது என்றால் இங்கிருந்து எங்களைப் போன்றவர்கள் போதும், செலவும் குறைவு.

விசாரிக்க நல்ல இடம் வார இறுதித் தமிழ்ப் பள்ளி வாசல். டிபென்டன்ட் விசாவில் போன எம்எஸ்சி, பிஎட் படித்த அக்காக்கள் எத்தனையோ பேர் வீட்டில் இருக்கிறார்கள், அவர்கள் வேலை செய்யலாம். ஆனால் ஸ்டூடன்ட் விசாவில் வந்த தம்பியிடம் கையில் காசு கொடுத்து டியூஷன் எடுக்கச் சொல்லாதீர்கள். அந்த விசாவில் சொந்தமாகத் தொழில் செய்யக் கூடாது, நீங்கள் உதவுவதாக நினைத்து அவன் படிப்புக்கே உலை வைத்துவிடுவீர்கள். வீட்டுக்கு வருகிறவரிடம் டிபிஎஸ் சான்றிதழை, அதாவது குற்றப் பின்னணி பார்த்துத் தரும் சான்றிதழை, காட்டச் சொல்லுங்கள். தனியாக டியூஷன் எடுப்பவருக்குச் சட்டப்படி அது கட்டாயமில்லை, இருந்தாலும் முறையாக எடுப்பவர்கள் வைத்திருப்பார்கள், கேட்டதற்கே முகம் சுளிப்பவர் வேண்டாம். பாடம் ஹாலில் நடக்கட்டும். ஆன்லைன் என்றாலும் ஹாலில்தான்.

ஆறு மாதக் காசை முன்கூட்டிக் கட்டாதீர்கள். என் பழைய மாணவி ஒருத்தி ஏதோ ஒரு சென்டரில் கட்டிவிட்டு, மூன்றாவது வாரமே ஆள் மாறி, திருப்பித் தர மாட்டோம் என்றதும் அலையாய் அலைந்தாள். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, பிறகு வாரக் கணக்கில் கொடுங்கள்.

லெவன் பிளஸ், அதாவது கிராமர் ஸ்கூலில் சேர எழுதும் நுழைவுத் தேர்வு பற்றியும் கேட்கிறார்கள். அந்தப் பரீட்சை இயர் 6 தொடக்கத்திலேயே வந்துவிடும், பதிவு அதற்கு முன்பே முடிந்துவிடும். இயர் 5 பாதியில் போய் இறங்கிய பிள்ளையை அதற்காக வறுத்தெடுக்காதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

இங்கிருந்து ஆள் வைப்பவர்களுக்கு நேரக் கணக்கு முக்கியம். குளிர்காலத்தில் அங்கே மாலை ஐந்து என்றால் எனக்கு இரவு பத்தரை, தெருவே அடங்கியிருக்கும். அதனால் சனி, ஞாயிறு காலை பத்து மணி, எனக்கு மதியம் மூன்றரை, சாப்பிட்டு முடித்து உட்காரச் சரியாக இருக்கும். மார்ச் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள் என்பது முதல் வருடம் எனக்குத் தெரியாது. நான் மூன்றரைக்கு வந்து உட்கார்ந்தால் அங்கே மணி பதினொன்று, பிள்ளை காத்திருந்து பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டது. அக்டோபர் கடைசி ஞாயிறு திரும்பப் பின்னால் போகும், இரண்டையும் டீச்சருக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் கால்குலேட்டர். ஜிசிஎஸ்இ கணக்கில் மூன்று தாளில் இரண்டுக்கு அது வேண்டும், நம் பிள்ளைகள் பத்தாவது வரை அதைத் தொட்டதே இல்லை. எந்த டியூஷன் வைத்தாலும் அதைப் பழக்கச் சொல்லுங்கள். நானும் பாரிஸ் கார்னர் போய் ஒன்று வாங்கி வந்தேன், பாதி பட்டன் எதற்கென்று இன்னும் பிள்ளைகள்தான் எனக்குச் சொல்லித்தருகிறார்கள்.