புதுப்பிப்பு: ஏலக்காய் எடைக் கூட்டலில் வந்த பிழை தீர்ந்தது

கம்பத்தில் உள்ள எங்கள் ஏலக்காய்க் கடைக்காக பைதான் என்ற கணினி மொழியில் நான் எழுதிய நிரல், 25 கிலோவையும் 30 கிலோவையும் கூட்டச் சொன்னால் 2530 என்று காட்டுகிறது எனச் சென்ற வாரம் கேட்டிருந்தேன். எடைகளை வைத்திருக்கும் இரண்டு மாறிகளையும், மதிப்பின் வகையைச் சொல்லும் டைப் செயற்கூறில் இட்டுப் பார்த்ததும் காரணம் தெரிந்தது: பைதான் 3-இல் பயனர் தட்டச்சிடுவதை வாங்கும் இன்புட் வழியாக வருவது எண்ணாகத் தோன்றினாலும் எப்போதும் சரமாகவே (எழுத்துகளின் தொடராகவே) இருப்பதால், கூட்டல் குறி அவற்றை ஒட்டிவிடுகிறது. சரத்தைத் தசம எண்ணாக்கும் ஃப்ளோட் கொண்டு மாற்றியபின் 55.0 வந்தது. முழு எண்ணாக்கும் இன்ட்டைப் பயன்படுத்தாததற்குக் காரணம், குமுளியிலிருந்து இறங்கும் மூட்டைகளில் அரைக் கிலோக் கணக்கும் உண்டு, 25.5 என்ற சரத்தை இன்ட் ஏற்காது.

ஒரு மதிப்பு குறிப்பிட்ட வகையைச் சேர்ந்ததா எனப் பார்க்கும், பலரும் பரிந்துரைத்த ஐஸ்இன்ஸ்டன்ஸ் சோதனை மிகவும் பயன்பட்டது. ஆனால் உண்மை, பொய் என்ற இரு மதிப்புகளைக் கொண்ட பூல் என்பது முழு எண் வகையான இன்ட்டின் துணைவகை ஆகையால், ட்ரூ (உண்மை) என்ற மதிப்பையும் அது முழு எண்ணாகவே ஏற்று, எடையில் ஒரு கிலோ கூடிவிடும். எனவே பூலை முதலில் விலக்கும் வரியையும் சேர்த்துவிட்டேன்.