ஆன்சைட் போன இடத்தில் ஊர் சுற்றியவர்கள் வாங்க: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு நாள்

வேளச்சேரிவாசி:

மூனிக் டெபுடேஷன். பயர்ன் டிக்கெட், அதாவது பவேரியா மாநிலம் முழுக்க ஒரு நாள் உள்ளூர் ரயிலில் சுற்றுகிற டிக்கெட், இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். ஆள் சேரச் சேரத் தலைக்கு ஆகும் செலவு குறையும் என்பதால் ரூம்மேட்டையும் இழுத்துக்கொண்டு கோனிக்ஸே ஏரிக்குப் போனேன். அவன் எதைப் பார்த்தாலும் 90-ஆல் பெருக்குகிற ரகம். ஸ்டேஷனில் காபி விலையைப் பார்த்து, "இந்தக் காசுக்கு சரவண பவன்ல ரெண்டு பேர் டிபன் முடிச்சிடலாம்" என்று ஆரம்பித்தவன், பெர்ஷ்டெஸ்காடனில் இறங்கி பஸ் ஏறும் வரை ஓயவில்லை.

அந்த ஏரியில் 1909-லிருந்தே மின்சாரப் படகுகள்தான் ஓடுகின்றன. சத்தமே கிடையாது. நடு ஏரியில் படகை நிறுத்திவிட்டு, படகுக்காரர் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, எதிரே செங்குத்தாக நிற்கிற பாறையைப் பார்த்து டிரம்பெட்டில் ஒரு வரி ஊதினார். ஊதிவிட்டுக் காத்திருந்தார். பாறை அதே வரியைத் திருப்பி ஊதியது. அடுத்த வரி. அதுவும் திரும்பி வந்தது. வாசித்து முடித்ததும் தொப்பியைக் கழற்றி நீட்டியபடி ஒவ்வொரு வரிசையாக வந்தார். நான் சில்லறையைத் துழாவிக்கொண்டிருந்தேன். என் ரூம்மேட் பர்ஸைத் திறந்து பத்து யூரோ நோட்டு ஒன்றை எடுத்துப் போட்டான். பத்து யூரோ! 900 ரூபாய்! அதுக்கப்புறம் மூனிக் வரும் வரை ஒரு விலையும் பேசவில்லை. அடுத்த வாரம் விசா முடிந்து ஊருக்குப் போய்விட்டான். அன்றைக்கு அவனுக்கு என்ன ஆச்சு என்று இன்னமும் யோசிக்கிறேன்.

ராயபுரம் ராஜாளி:

ரூபாயில் பெருக்குகிறவனைக் கிண்டல் பண்ணாதீங்க சார். அவன் வீட்டில் என்ன கடன் இருந்ததோ. உங்களுக்கு டூர், அவனுக்கு அது அக்கா கல்யாணமாக இருந்திருக்கும்.

நான் துபாயில் காண்ட்ராக்டில் இருந்தவன். அப்போது வெள்ளிக்கிழமைதான் லீவு. பாலைவன சஃபாரி, மாடி மேலே மாடி ஏறிப் பார்ப்பது எதுவும் நம்ம பட்ஜெட் இல்லை. எங்கள் சுற்றுலா, துபாய் க்ரீக் என்கிற கழியைக் கடக்கிற அப்ரா படகு. பர் துபாயிலிருந்து தேராவுக்கு ஒரு திர்ஹம், திரும்பி வர இன்னொரு திர்ஹம். நடுவில் ஒரு டீ. மஞ்சள் விளக்கெல்லாம் எரிய ஆரம்பிக்கிற நேரத்தில் போனால், க்ரீக்கில் அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஒரு நாள் எனக்குப் பக்கத்தில் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர். கட்டட வேலை. காலையில் குளித்துத் தேய்த்த சட்டை போட்டு வந்திருந்தார். வீடியோ காலில் பிள்ளை. போனைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி, பறக்கிற கடல்புறாக்களைக் காட்டி, "இதான்டா அப்பா ஓட்டுற கப்பல்" என்றார். என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. நான் சட்டென்று போனுக்குள் எட்டிப் பார்த்து, "ஆமாடா தம்பி, உங்கப்பாதான் கேப்டன்" என்று சொல்லிவிட்டேன். கரை வந்ததும் அவர் பேசாமல் இறங்கிப் போனார். நான் சொன்னது அவருக்குப் பிடித்ததா, உறைத்ததா, தெரியவில்லை.

பட்டினப்பாக்கம் பொண்ணு:

காமகுரா. டோக்கியோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம், அப்புறம் அந்தக் குட்டி எனோடென் ரயில். வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிற வெண்கல புத்தரைப் படத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவருக்கு மேலே முன்னால் பெரிய மண்டபம் இருந்ததாம். 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த சுனாமி அதை அடித்துக்கொண்டு போனது என்று பலகையில் எழுதியிருந்தது. கடல் கிட்டே இருந்தாலும் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

நான் அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு நின்றிருந்ததைப் பக்கத்தில் இருந்த பெரியவர் கவனித்திருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு ஜப்பானிய மொழியில் நன்றி மட்டும் வரும். நான் "2004, சென்னை" என்று சொல்லி என் முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். எங்கள் தெருவில் அந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் அவ்வளவுதான். கடலோரக் குடிசைகளில் வேறு கதை. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இடது உள்ளங்கையில் வலது விரலால் ஒவ்வொரு எண்ணாக எழுதினார். 2, 0, 1, 1. அப்புறம் கையைத் தலைக்கு மேலே உயர்த்தினார். எட்டும் மட்டும் உயர்த்தி, அதுக்கும் மேலே என்பதுபோல் விரல்களை அசைத்தார்.

மெஷினில் சூடாக டின் டீ வாங்கிக் கொடுத்தார். சர்க்கரை இல்லாத பச்சை டீ. முழுசும் குடித்தேன்.

போரூர் பாஸ்கர்:

நல்ல அனுபவங்கள். நானும் மூனிக்கில் இருந்தேன், ஒரு தடவை கடைசி ரயிலை விட்டுவிட்டு ஸ்டேஷன் பெஞ்சில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். ரொம்பக் குளிர்.

புதுசாகப் போகிறவர்களுக்கு உபயோகமாகச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுங்கள். 2023 மே மாதம் 49 யூரோவில் ஆரம்பித்தது, 2025-இல் 58 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 63. ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில், பஸ், டிராம் எல்லாவற்றிலும் போகலாம். ஐசிஇ மாதிரி வேகமான ரயில்களில் செல்லாது, நம்ம ஆட்கள் நிறைய பேர் இதில்தான் அபராதம் கட்டுகிறார்கள். அது மாதச் சந்தா. நிறுத்துவதாக இருந்தால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நீங்கள் மீனம்பாக்கத்தில் இறங்கிய பிறகும் காசு போகும். பயர்ன் டிக்கெட் வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும், சனி, ஞாயிறு முழு நாளும் ஓகே. அதிலேயே எல்லை தாண்டி சால்ஸ்பர்க் வரை போகலாம், ஆனால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், ஜெராக்ஸ் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே ரொட்டி, பழம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள், மெஷினில் போட்டால் ஒரு பாட்டிலுக்கு 25 செண்ட் திரும்ப வரும். புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், தயிர் சாதம் வேண்டாம், வெயில் நாளில் மதியத்துக்குள் புளித்துவிடும். ரயிலில் ஊறுகாய் டப்பாவைத் திறக்காதீர்கள்.

பட்டினப்பாக்கம் பொண்ணு:

சார், நான் சொன்னது ஜப்பான்.

போரூர் பாஸ்கர்:

பொதுவாகச் சொன்னேன்மா.

சேலத்தார், தற்போது அம்பத்தூர்:

இதெல்லாம் எதுக்கு? கோலாலம்பூரில் ஆபீஸ் வேலையாக இருந்தபோது லோக்கல் ரயில் பிடித்து பத்துமலை போனேன். 272 படி. கீழே 140 அடி முருகன், 2006-இல் திறந்தது. உலகத்திலேயே உயரம் என்று கூட வந்த மலேசிய நண்பர் பெருமையாகச் சொன்னார். அப்போது சரி. இப்போது எங்க ஊர் பக்கம் புத்திரகவுண்டம்பாளையத்தில் 146 அடி முருகன் 2022-இல் வந்தாச்சு. அவருக்கு போட்டோ அனுப்பினேன். "சிலை உயரம்தான், குகை இருக்கா?" என்று பதில் போட்டார். அதற்கு என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. யாராவது நல்ல பதில் இருந்தால் சொல்லுங்கள்.

துரைப்பாக்கம் லீட்:

நான் எங்கேயும் போகவில்லை, என்னிடம் வந்தார்கள். க்ளையன்ட் பக்கத்திலிருந்து சில மாதம் ஓஎம்ஆர் ஆபீசுக்கு வந்த டச்சுக்காரர் ஒருவர். மகாபலிபுரம், தட்சிணசித்ரா எல்லாம் முடித்துவிட்டு, பழவேற்காடு போக வேண்டும் என்றார். டச்சுக் கம்பெனி அங்கே ஜெல்டிரியா கோட்டை கட்டியது 1613-இல். நம்ம சென்னைக்கே பிறந்த வருஷம் 1639 தானே.

கோட்டையில் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. கல்லறைத் தோட்டம்தான் இருக்கிறது. வாசல் தூணிலேயே எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். அவர் உள்ளே போனதும் முதல் கல்லின் பக்கத்தில் மண்டியிட்டு, எழுத்தின் குழிக்குள் விரலை வைத்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். பழைய எழுத்து, எழுத்துக் கூட்டித்தான் படித்தார். ஒரு வியாபாரியின் மனைவி, இன்ன வயது. காவலாளி இடையில் புகுந்து, "அது ராணியம்மா கல்லறை சார், நான் வர்றவங்களுக்கெல்லாம் சொல்லிட்டிருக்கேன்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். டச்சுக்காரர் இன்னொரு தடவை படித்தார், ராணி இல்லை. காவலாளி அசையவில்லை. "அவருக்குத் தெரிஞ்சது அவருக்கு, எனக்குத் தெரிஞ்சது எனக்கு."

திரும்பும்போது காரில் அவர் சொன்னார்: "இவங்களும் கொஞ்ச காலத்துக்குன்னு சொல்லித்தான் கப்பல் ஏறியிருப்பாங்க." நான் அப்போது நெதர்லாந்து விசாவுக்குப் பேப்பர் கொடுத்திருந்தேன். அவருக்கு அது தெரியாது.

வேளச்சேரிவாசி:

பழவேற்காட்டுக்கு பஸ் இருக்கா?

போரூர் பாஸ்கர்:

சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடித்து பொன்னேரியில் இறங்குங்கள், அங்கிருந்து பஸ். காலையிலேயே கிளம்பிவிடுங்கள், வெயில் ஏறினால் நடக்க முடியாது. தொப்பி, தண்ணீர் அவசியம். மீன் வாங்குவதாக இருந்தால் ஐஸ் பெட்டி எடுத்துப் போங்கள்.

துரைப்பாக்கம் லீட்:

சார் எப்போ போனீங்க?

போரூர் பாஸ்கர்:

போனதில்லை. மேப்பில் பார்த்தேன்.